மாடியில் ஆள் குடியிருக்கும் ஊர்

பினாங்கில் பொழுது விடிய ஏழு மணி தாண்டிவிடும். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம் அவர்களுடையது. சூரியன் என்னவோ தன் நேரத்துக்குத்தான் வருகிறது. ஆறரை மணிக்கு ஜார்ஜ் டவுன் தெருக்களில் நல்ல இருட்டு. அந்த இருட்டிலேயே பூக்கடையில் மல்லிகைச் சரங்கள் தொங்க ஆரம்பித்திருக்கும். குயின் தெரு மாரியம்மன் கோயிலில் மணி அடிக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் காலைத் தொழுகை முடித்தவர்கள் ரொட்டிச் சானாய் கடையை நோக்கி நடப்பார்கள். வாசலில் சிவப்பு மாடத்துக்கு முன் ஊதுபத்தியைக் குத்திவிட்டு, மாடிச் சன்னலைப் பார்த்து யாரையோ அதட்டி எழுப்புவாள் ஒரு சீனக் கிழவி. எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள்.

இந்த ஊரின் மேல் எனக்கு வந்த பிரியம் ஒரே தடவையில் வந்ததல்ல. முதல் தடவை பிடித்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம் வேறு ஊர்களுக்கென்று சேர்த்த பணத்தையும் இங்கேயே கொண்டுவந்து செலவழிக்கத் தொடங்கினேன். “திரும்பத் திரும்ப அதே ஊருக்கே போறீங்களே, அப்படி என்னதான் இருக்கு?” என்று கோவில்பதாகையில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அங்கே மாடியில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் அக்கா என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கு அதைவிடச் சரியான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

கோவில்பதாகை ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் ஏரியும் வயலுமாக இருந்த பழைய கிராமம். இப்போது மனைப்பிரிவுகளுக்கு நடுவே புகுந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும். என் அப்பா டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலையும் ராணுவ முகாம்களும் இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்களை ஆவடிக்குக் கொண்டுவந்தன. பஞ்சாபி, மலையாளி, வங்காளி, தெலுங்குப் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனால் பள்ளி விட்டதும் அவரவர் குவார்ட்டர்ஸுக்குள் போய்விடுவார்கள். சுற்றுச்சுவர், கேட், கேட்டில் காவலர். இத்தனை மொழிக்காரர்கள் இருந்தும் கடைத்தெருவில் அவர்களைப் பார்க்க முடிந்தது சம்பள வார ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். பினாங்கில் அந்தச் சுவர் இல்லை. வேறு வேறு சாதி சனம் வேறு வேறாகவே இருந்துகொண்டு, ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் தூங்கி எழுகிறார்கள்.

முதல் பயணத்துக்குக் காரணம் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், 1938-இல், பதினெட்டு வயதில் வேலைக்காக மேடானுக்குக் கப்பலேறியவர். யுத்த காலத்தை அந்தப் பக்கத்திலேயே கழித்து, 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தார். 1972-இல் வெளியான அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்களுக்கு மேடானும் பினாங்கும் பார்க்காமலேயே பழகிய ஊர்கள். செட்டியார் கடைகள், அங்கே வேலை பார்த்த அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள், தவ்க்கே எனப்படும் சீன முதலாளிகள், ஜப்பானியச் சிப்பாய்கள் என்று அந்தப் பக்கங்களில் வந்த கூட்டம் எந்தத் தெருவில் நடந்தது என்று பார்க்கத்தான் போனேன். பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் சில இன்னும் நிற்கின்றன. நீளமான கூடம், தேய்ந்த மரப்படி, சுவரில் முருகன் படம். தரையில் உட்கார்ந்து சாய்வு மேசையில் கணக்கெழுதியவர்கள்தான் இல்லை. சிங்காரத்தின் பினாங்கு எண்பது வருடத்துக்கு முந்தியது. அதைத் தேடி நின்ற வாசலில் இன்றைய பினாங்கு என் தோளை இடித்துக்கொண்டு போனது.

யுத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1942-இல் இந்திய விடுதலை இயக்கத்துக்காரர்கள் பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். அங்கே தேறிய இளைஞர்களில் சிலரை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கேரளக் கரையில் தானூரில் இறங்கிப் பிடிபட்டவர் வக்கம் அப்துல் காதர். அவரையும் இன்னும் மூவரையும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் தூக்கிலிட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே இருந்த அந்தப் பழைய மத்தியச் சிறையை வெகுகாலம் ஆவடி ரயிலில் வந்திறங்கி கடந்துபோயிருக்கிறேன். பினாங்கில் கிளம்பிய ஒரு பையனின் பயணம் அங்கே முடிந்தது என்று எனக்குத் தெரிய பினாங்குக்கே போக வேண்டியிருந்தது.

இப்போது சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் இருக்கிறது. 2024 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு முன்பு கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் நான்கு மணி நேரம் வடக்கே வந்து, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறுவேன். அதுதான் சரியான வழி என்று இப்போதும் நினைக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கடல் வழியாகத்தானே வந்தார்கள். 1926-இல் கட்டிய ‘ரஜூலா’ சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தது. அதற்குப் பின் ‘சிதம்பரம்’ ஓடியது, 1985-இல் தீப்பிடிக்கும்வரை. வயதான பினாங்குத் தமிழர்களிடம் இந்த இரண்டு பெயரில் ஒன்றைச் சொன்னால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள்: மேல்தளத்தில் படுத்தது, தகரப் பெட்டி, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு.

ஃபெர்ரியில் ஏறினால் ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்ல வரும். முதலில் கொம்தார் கோபுரம், பிறகு பச்சை மலை, பிறகு துறைமுகத்து ஓட்டுக்கூரைகள், கடைசியில் மனிதர்கள். பழைய மஞ்சள் ஃபெர்ரிகள் கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் வயிற்றில் போட்டுக்கொண்டு வரும். 2020 முடிவோடு அவை ஓய்ந்தன. 2023-இலிருந்து புதிய படகுகள். வேகம் கூடியிருக்கிறது, காற்று குறைந்துவிட்டது.

விமானத்தில் வந்தால் வேறொரு காட்சி கிடைக்கும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெரஜாக் என்று ஒரு சின்னத் தீவு, காடாக. தோட்டங்களுக்கு என்று நம் ஊரிலிருந்து கொண்டுவந்த கூலிகளை முதலில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அடைத்துவைத்த இடம் அது. தொழுநோயாளிகளையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களுக்கு மலாயாவில் கால் பட்ட முதல் மண் அதுதான். அங்கிருந்து கித்தா காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு. நகரத்தைக் கொண்டாடிக்கொண்டு போகிற எனக்கு, விமானத்தில் வந்திறங்கும் ஒவ்வொரு தடவையும் சன்னல் வழியாக ஜெரஜாக் தெரிகிறது. தெரிய வேண்டும்.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் என்ற வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே கொடியேற்றினார். காட்டைச் சீக்கிரம் வெட்டவைக்க, வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் அடைத்துக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. லைட் போட்ட முதல் தெருக்கள் நான்கு: லைட் தெரு, பீச் தெரு, பிட் தெரு, சூலியா தெரு. நான்கில் ஒன்றுக்குத் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயர். நாகூர், காரைக்கால், கீழக்கரைப் பக்கத்து மரக்காயர்களும் ராவுத்தர்களும் அந்த ஊர் உண்டாகும்போதே உடன் இருந்தார்கள். வந்தேறியவர்கள் என்று பின்னால் வந்து சேர்ந்த கணக்கில் அவர்களை எழுத முடியாது. காதர் மொஹிதீன் தலைமையில் 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு சிறிய தர்கா. பிட் தெரு நெடுகப் போனால் சீனர்களின் கருணைத் தேவதை கோயில், 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், முதுகைப் பிட் தெருவுக்கும் முகத்தைக் குயின் தெருவுக்கும் வைத்துக்கொண்ட 1833-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். சுற்றுலாக்காரர்கள் இதையெல்லாம் ஒரு காலையில் பார்த்து முடித்துவிடுவார்கள்.

எனக்கு முடிந்ததே இல்லை. காரணம், நான் தங்கிய இடம். அடுத்த தடவை வந்தபோது சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. கீழே ஒரு தேநீர்க் கடை. அதை நடத்துகிற தம்பிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய பாட்டனார் வந்தாராம். கடைக்கு மேலே ஒரு பாதியில் அவர் குடும்பம், மறு பாதியில் வாடகை அறைகள். “பசியாறிட்டீங்களா அண்ணே?” என்பதுதான் அவருடைய காலை வணக்கம். “நமக்கு பஸ் செலவு கிடையாது. எறங்குனா வேலை, ஏறுனா தூக்கம்” என்றார் ஒரு நாள், தே என்று அங்கே சொல்லும் டீயை இரண்டு கோப்பைக்கு நடுவே ஒரு முழம் இழுத்துக்கொண்டே.

அந்தக் கடைவீட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊரின் உயிர்ப்பு அதன் அமைப்பில்தான் இருக்கிறது. முகப்பு குறுகல், உள்ளே ரயில்பெட்டிபோல நீளம். நடுவில் கூரை திறந்த முற்றம். வெளிச்சமும் மழையும் அதன் வழியாக உள்ளே வரும். நம் செட்டிநாட்டு வீட்டின் வளவை ஒடுக்கி இறுக்கினால் இப்படித்தான் இருக்கும். வாசலில், மாடி வீடு நீண்டு கூரையாகக் கவிந்த ஐந்தடி நடைபாதை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலில் அந்த ஐந்தடியை விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்து விதி. வெயிலோ மழையோ படாமல் தெரு முழுக்க நடந்துவிடலாம். ஆனால் அங்கே நடை மட்டுமா நடக்கிறது? ஒருவர் சாவி செய்கிறார். ஒருவர் பிரம்பு முடைகிறார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பேரப்பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது. ஒரு கடையின் தரைக்கல் முடிந்து அடுத்த கடையின் வேறு நிறத் தரைக்கல் ஆரம்பிக்கிற இடத்தில் பாஷையும் மாறிவிடும். மசாலா வாசனையிலிருந்து மருந்து மூலிகை வாசனைக்கு, அங்கிருந்து ஊதுபத்திப் புகைக்கு, செருப்புத் தோலுக்கு. வீடு மேலே இருப்பதால் கடை அடைத்த பிறகும் தெரு அடைவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மாடியில் யாரோ துணி உலர்த்துவார்கள், கீழே நாற்காலியைப் போட்டு நான்கு கிழவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் பினாங்கைப் பற்றி எழுத முடியாது. சீனர்களின் கரியடுப்பில் புரளும் சார் குவே தியாவ், புளியும் மீனும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும் அசாம் லக்சா, கெங் குவீ சந்தில் 1936 முதல் விற்கிற செண்டோல் எல்லாம் அருமைதான். ஆனாலும் நாசி கண்டாருக்கு முன்னால் நான் வேறெதையும் வைக்க மாட்டேன். தோளில் காவடித் தண்டு, ஒரு பக்கக் கூடையில் சோறு, மறு பக்கத்தில் மீன் குழம்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் கொண்டுபோய் விற்ற சாப்பாடு அது. அவர்களில் ஒரு குடும்பம் கேம்பல் தெருவில் வைத்த ‘ஹமீதியா’ 1907-இலிருந்து நடக்கிறது.

சோற்றை வைத்துவிட்டுப் பரிமாறுகிறவர் நம்மைப் பார்ப்பார். கோழியா, கணவாயா, மீன் தலையா? அது முடிந்ததும் இரண்டாவது கேள்வி, அதுதான் முக்கியமானது: குழம்பு எது? ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றால் அவருக்கு நம்மைப் பற்றிய அபிப்பிராயம் குறைந்துபோகும். எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி. கோழிக் குழம்பின் மேல் மீன் குழம்பு, அதன் மேல் கறுத்த எலும்புக் குழம்பு, ஓரத்தில் பருப்பு. கோவில்பதாகையில் என் அம்மா இதைப் பார்த்தால் தட்டைப் பிடுங்கியிருப்பாள். மீன் குழம்பு தொட்ட கரண்டியை மற்றதில் போடக்கூடாது என்று வளர்த்தவள். அந்தக் கலவையில்தான் ஒரு புதுக் குழம்பு உண்டாகிறது. எந்தச் சட்டியிலும் இல்லாதது, அந்தத் தட்டில் மட்டும் இருப்பது. பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் கையால் பிசைந்து சாப்பிடும். மலாய் மாணவர்கள் அப்பளத்துக்காக மறுபடி வரிசையில் நிற்பார்கள். கல்லாவில் இருப்பவர் என்னிடம் தமிழிலும் அவர்களிடம் மலாயிலும் அந்தக் குடும்பத்தின் பாட்டியிடம் ஹொக்கியனிலும் பேசிக் காசு வாங்குவார். இதை யாரும் பெருமையாக நினைப்பதில்லை. அவருக்கு அது தொழில்.

தைப்பூசத்துக்குப் போன பிறகுதான் நான் இந்த ஊருக்கு முழுசாக அடிமையானேன்.

பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கிளம்பும். 1894-இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது. காளைகள் இழுக்க, முருகன் தண்ணீர்மலைச் சாலையில் 1857-இல் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகிறார். சில கிலோமீட்டர் தூரம்தான். போய்ச் சேர அந்தப் பகல் முழுக்க ஆகும், ராத்திரியும் ஆகும். 2017-இலிருந்து தங்க ரதம் ஒன்றும் ஓடுகிறது. எந்த ரதம் முன்னால், எது பின்னால் என்று தமிழர்களுக்குள்ளே சூடான பேச்சு உண்டு. அதில் எனக்கு நுழைய விருப்பமில்லை. நான் பார்த்தது ரதத்துக்கு முன்னால் இருந்த சாலையை.

தேங்காய். நடைபாதை ஓரம் குன்று குன்றாகக் குவித்திருந்தார்கள். நூறு இருநூறு இல்லை, லாரி லாரியாக. ரதம் வருகிறது என்று மேளச் சத்தம் கேட்டதும் குவியல்களுக்குப் பின்னால் நின்றவர்கள் உடைக்க ஆரம்பித்தார்கள். நிமிடக்கணக்கில் நிற்காத சத்தம். தெரு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடி, செருப்பு நனைந்து, காற்றே இனித்தது. உடைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சீனர்கள். வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாக, நெற்றியில் திருநீறோடு, வியர்க்க வியர்க்க உடைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள்: “அந்த அங்கிள் எங்க தாமான்லதான் இருக்கார் அண்ணா. அவரு மகனுக்கு வேலை கெடச்சா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டாரு. போன வருஷமும் ஒடைச்சாரு, தொழில் நல்லா போகணும்னு.” தேங்காய்ச் சிதறலை வாரிப்போக இயந்திரங்கள் பின்னாலேயே வந்தன. ரதம் பத்தடி நகர்ந்தது. அடுத்த குவியல்.

பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலை நெடுக தண்ணீர்ப்பந்தல்கள். ஃபேக்டரித் தொழிலாளர்கள் போட்டது ஒன்று, வங்கி ஊழியர்கள் போட்டது ஒன்று, சீன வணிகர்கள் போட்டது ஒன்று. மோரும் பானகமும் சோறும் கேட்காமலேயே கையில் திணிப்பார்கள். ஸ்பீக்கர்களில் பாட்டு போட்டி போட்டுக்கொண்டு அதிரும். அலகு குத்திய காவடிகள் அந்த அதிர்வுக்கு நடுவில் ஆடிக்கொண்டே போகும். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. இப்போதுள்ள பெரிய கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. பால்குடம் தூக்கிய ஒரு பாட்டிக்குப் பின்னால் நானும் ஏறினேன். தைப்பூசம் தமிழ்நாட்டில் பழனிக்கு உரியது, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நகரம் முழுக்க, முருகனைக் கும்பிடாத வீடும் சேர்ந்து, மூன்று நாள் சாலையைச் சாமிக்கு விட்டுக்கொடுப்பதை நான் பினாங்கில்தான் கண்டேன்.

அந்தத் தடவை தைப்பூசத்துக்குச் சில நாள் முன்னதாகவே போயிருந்ததில் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவும் கிடைத்திருந்தது. கடலோரத்தில் மரத்தூண்கள் மேல் வீடு கட்டி, ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு துறை என்று சீனர்கள் வசிக்கிறார்கள். அவற்றில் பெரியது சூ வம்சத்துத் துறை. ஹொக்கியன் சீனர்களுக்கு ஒன்பதாம் நாள் சொர்க்கத்துக் கடவுளின் பிறந்தநாள், நள்ளிரவில் ஆரம்பிக்கும். வரிசையாக மேசைகளைப் போட்டு, பழங்களும் பலகாரங்களும் அடுக்கி, இரண்டு பக்கமும் தோகையோடு முழுக் கரும்பு கட்டியிருந்தார்கள். பொங்கலுக்கு எங்கள் வாசலில் சாய்த்துவைக்கிற அதே கரும்பு, அதே கட்டு. முன்னொரு காலத்தில் எதிரிப் படை துரத்தியபோது முன்னோர்கள் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்தார்களாம். வெளியே வந்த நாள் இந்த ஒன்பதாம் நாள். சடங்கு முடிந்து வெடிச் சத்தம் ஓய்ந்ததும் என் கையில் ஒரு துண்டு கரும்பைக் கொடுத்தார் ஒரு பெரியவர். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. நின்றபடி இரண்டு பேரும் மென்றோம்.

பினாங்கு மலைக்கு 1923-இல் போட்ட இழுவை ரயிலிலும் போனேன். மேலே குளிர் நன்றாக இருந்தது. பார்க்க வேண்டியதுதான்.

இப்போது கசப்பான விஷயம். கடைவீடுகளில் சனங்கள் இவ்வளவு காலம் குடியிருந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையைத் தாழ்வாகவே வைத்திருந்தது. அதனால் தையல்காரரும் சாவி செய்கிறவரும் ஊர் நடுவில் வாழ முடிந்தது. 1997-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து இரண்டாண்டுத் தவணை கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது; குடும்பங்கள் கிளம்பின. காலியான மாடிகளில் சிலர் உழவாரக் குருவிகளைக் குடிவைத்தார்கள். சீனர்கள் சூப் வைக்கிற கூட்டுக்காக, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டுக் குருவிகளை வரவழைத்து வளர்க்கும் தொழில். மனிதர் தூங்கிய அறையின் சன்னலைச் செங்கல்லால் அடைத்துத் துளை மட்டும் விட்டார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. குருவிப் பண்ணைகளைப் பாரம்பரிய வட்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று மாநில அரசு 2013 வரை கெடு வைத்தது. குருவிகள் போயின. திரும்பி வந்தது பழைய குடித்தனக்காரர்கள் அல்ல. ஹோட்டல்களும் காபிக் கடைகளும்.

நல்லதும் நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அந்த 2008-லிருந்தே தெருப்பலகைகளில் மலாயோடு சீனமும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தன. இடிந்துகொண்டிருந்த சுவர்களைச் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றினார்கள். 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் ஆர்மீனியன் தெருவில் பழைய சைக்கிளைச் சுவரில் பொருத்தி, அதில் இரண்டு பிள்ளைகள் போவதாக வரைந்தார். அதைப் பார்க்க உலகமே வருகிறது. அந்தத் தெருவின் 120-ஆம் எண் வீட்டில் 1910-இல் சுன் யாட்சென் சீனப் புரட்சிக்கு ஆள் திரட்டினார். சைக்கிளோடு படம் எடுக்க நிற்கிற வரிசை அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. படத்தில் இருக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தத் தெருவில் உண்மையான பிள்ளைகள் சைக்கிள் ஓட்டி நான் பார்த்தது முதல் பயணத்தில்தான். இந்த ஊரைக் காதலித்து வருகிற எல்லோருக்கும், எனக்கும், தங்க ஓர் அறை வேண்டும். அந்த அறை யாரோ ஒருவர் காலி செய்ததாக இருக்கிறது. பாரம்பரியப் பட்டியலில் கட்டடத்தைப் போலக் குடியிருப்பவரையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம். ஐந்தடி நடைபாதையைக் காப்பாற்றி, அதில் உட்கார்ந்து பிரம்பு முடைந்தவரை அனுப்பிவிட்டால் மிஞ்சுவது நடக்கிற வழி மட்டும்.

கடைசியாகப் போனபோது அந்தச் சந்தில் தேநீர்க் கடை இருந்தது. மேலே போகும் மரப்படியில் புதுக் கதவு, எண்களைத் தட்டித் திறக்கிற பூட்டு. தம்பிக்கு நெற்றியோரம் நரைத்திருந்தது.

“வீடு?” என்றேன்.

“பட்டர்வொர்த் போய்ட்டோம் அண்ணே. கடையை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. காலையில மொத ஃபெர்ரி புடிச்சு வந்துடுவேன்.”

இங்கே முன்பு இருந்த தையல்காரர், பூ கட்டுகிற அக்கா, எதிர்வீட்டுச் சீனர் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிப் பேர் அக்கரைக்குப் போய்விட்டார்கள். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம். அவர் இருக்கிற அடுக்குமாடியில் மேல்வீட்டில் எதிர்வீட்டுச் சீனரின் மகள் இருக்கிறாளாம். கீழே கார் நிறுத்துமிடத்தில் ராத்திரி ஏழு கடை போடுகிறார்கள், அதில் ஒரு நாசி கண்டார், குழம்பு பரவாயில்லை என்றார். அங்கே தைப்பூசம் இருக்கிறதா என்றதற்கு, “ஏன் இல்ல? நம்ம ஆளுங்க அங்கதானே இருக்காங்க” என்றார். பிறகு தேயை இழுத்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: “எப்பப் பாத்தாலும் இந்தக் கரைக்கே வர்றீங்க. அடுத்த வாட்டி அந்தக் கரையில எறங்குங்க. ஃபெர்ரி ஏற வேண்டாம். ஸ்டேஷன்லேர்ந்து நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அடுத்த வருடத் தைப்பூசத்துக்குச் சீட்டு போட்டாயிற்று. நேரடி விமானத்தில் இல்லை. பழையபடி கோலாலம்பூர் வந்து, ரயிலில் பட்டர்வொர்த். அறை பார்த்திருப்பது அக்கரையில்தான், அவருடைய அடுக்குமாடிக்கு இரண்டு தெரு தள்ளி. ஜார்ஜ் டவுனுக்கு அவரோடு காலை ஃபெர்ரியில் போய், கடை அடைத்ததும் அவரோடு திரும்பி வருவதாக ஏற்பாடு.